வெள்ளைக் கோடும் நீலக் கோடும்

ராயபுரம் மரவாடிக்குப் புது மிஷின் வந்து இறங்கிய அன்று கமாலுதீன் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. கேட்டவர்களிடம் வயிறு சரியில்லை என்றார். வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. எரிந்தது அதற்குக் கொஞ்சம் மேலே.

யுத்தம் முடிந்து ரங்கூன் தேக்கு மறுபடி துறைமுகத்துக்கு வரத் தொடங்கியபோது, யுத்தமும் கொஞ்சம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பர்மாக் காட்டில் ஜப்பான்காரனும் வெள்ளைக்காரனும் சுட்டுக்கொண்டதில் ஆள்மேல் படாததெல்லாம் மரத்தின்மேல் பட்டிருந்தது. மேலே பார்த்தால் கட்டை நன்றாகத்தான் இருக்கும். உள்ளே துப்பாக்கிக் குண்டோ, வெடித்த இரும்புச் சில்லோ சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும். ஓடுகிற ரம்பம் அதில் மோதினால் பல் தெறிக்கும்; சில சமயம் ரம்பப் பட்டையே அறுந்து வீசும். அப்படி ஒரு தடவை வீசியதில்தான் ரம்பக்காரன் வெள்ளத்துரைக்கு இடது காது பாதி போயிற்று.

அதற்குப் பிறகு முதலாளி ராமசுப்பு பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் ஒரு மிஷின் எடுத்து வந்தார். மண்ணுக்குள் கண்ணிவெடி தேடுவதற்காகச் செய்தது. ஒரு கொம்பு, அதன் முனையில் ஒரு தட்டு, முதுகில் மாட்ட ஒரு பெட்டி, காதுகளை மூட இரண்டு கருப்புக் கிண்ணங்கள். தட்டைக் கட்டையின்மேல் நகர்த்திக்கொண்டே போனால் கிண்ணத்துக்குள் ஒரு வண்டு ரீங்காரம் போடும்; இரும்பு வந்தால் அந்த வண்டு அலறும். பலபேர் மாட்டிப் பார்த்தார்கள். ஒருவனுக்குத் தலைவலி வந்தது. இன்னொருவனுக்கு எல்லாக் கட்டையிலும் இரும்பு கேட்டது. கமாலுதீனுக்கு மட்டும்தான் அது பிடிபட்டது. இரும்பு இருக்கிற இடத்தைச் சுற்றி வட்டம் போடுவார். ஒன்றும் இல்லாத கட்டையின் அடிவாயில், அறுபட்ட முகத்தில், சாக்குக்கட்டியால் வெள்ளையாக ஒரு கோடு இழுப்பார்.

அந்தக் கோடுதான் வெள்ளத்துரைக்கு வேதவாக்கு. பெண்டாட்டி ஊற்றிக் கொடுக்கிற காப்பியைக்கூட ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற ஆள் அவன். சந்தேகப் பேர்வழி. ஆனால், "பாய் கோடு போட்டுட்டாரா?" என்று மட்டும் கேட்பான். போட்டாயிற்று என்றால் மறுபேச்சில்லாமல் கட்டையை ரம்பத்தில் விடுவான். மீதியிருக்கிற ஒன்றரைக் காதை வெள்ளத்துரை தன்னிடம்தான் ஒப்படைத்திருக்கிறான் என்று கமாலுதீனுக்கு ஒரு பெருமை. சம்பளம் கூட்டிக் கேட்காமல், வேறு மில்காரன் கூப்பிட்டும் போகாமல் அவர் அங்கேயே கிடந்ததற்கு அந்தப் பெருமையைத் தவிர வேறு காரணம் கிடையாது.

இப்போது வந்திருக்கிற மிஷினுக்கு முதுகுப் பெட்டி இல்லை, காதுக் கிண்ணம் இல்லை. கையில் பிடிக்க ஒரு வளையம். ஒயர் போட்டு இணைத்த சின்னப் பெட்டி. அதன் முகத்தில் கண்ணாடிக்குள் ஒரு முள். இரும்பு வந்தால் முள் ஓடும். அவ்வளவுதான். கண் இருக்கிற எவனும் பார்த்துக்கொள்ளலாம். கமாலுதீனுக்குப் பற்றிக்கொண்டு வந்ததே அந்த 'எவனும்'தான்.

அந்த எவனுக்கு இக்னேஷியஸ் என்று பெயர். ராயபுரம் மாதா கோயில் தெருப் பையன். அப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். ரயில்வே பட்டறையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் என்பதால் ஒயர் என்றால் பயம் கிடையாது, இங்கிலீஷும் எழுத்துக்கூட்டிப் படிப்பான். மிஷினைக் கொண்டுவந்த கம்பெனி ஆள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல இவன் தலையாட்டியதைப் பார்த்த முதலாளி, வளையத்தை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"கமாலுதீன், நீரும் இவன்ட்ட கேட்டுப் படிச்சுக்கிடும்," என்றார் ராமசுப்பு. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், யாரையும் 'நீர்' என்றுதான் பேசுவார். அந்த மரியாதைகூட அன்றைக்குக் கமாலுதீனுக்குக் கிண்டலாகப் பட்டது. மீசை முளைத்து நாலு நாள் ஆகாதவனிடம் கேட்டுப் படிக்க வேண்டுமாம்!

மறுநாள் காலையில் பாடம் நடந்தது. மில் ஆட்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"பாய், மொதல்ல வளையத்த கட்டைக்கு எட்டாம தூக்கிப் புடி," என்றான் இக்னேஷியஸ். "இந்தத் திருகை மெள்ளத் திருப்பு. முள்ளு நட்டநடுவுல வந்து நிக்கணும். நின்னாத்தான் கணக்கு."

கமாலுதீன் திருப்பினார். முள் நடுவுக்கு வந்தது. வளையத்தை இறக்கினார்; முள் ஓடியது. தூக்கினார், வேறு பக்கம் ஓடியது. இக்னேஷியஸ் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

"பெல்ட்ட கழட்டு பாய்."

"இன்னாடா?"

"பக்கிள் கீது இல்ல? வளையம் இடுப்பாண்ட வர்றப்போ முள்ள அது இஸ்துகினு போவுது."

லுங்கிமேல் கட்டுகிற பச்சை பெல்ட்டு அது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கமாலுதீன் அதைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவார். பீடி, சாக்குக்கட்டி, சில்லறை, சாவி எல்லாம் அதற்குள்தான். மரப்பட்டை பொறுக்குகிற கோவிந்தம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"கழட்டு பாய்! லுங்கிய வோணா நாங்க புடிச்சிக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததில் வெள்ளத்துரையும் ஒருவன். மற்றவர்கள் சிரித்ததைக் கமாலுதீன் அன்றைக்கே மறந்திருப்பார்.

"பழைய மிஷினு என் பெல்ட்ட ஒரு நாளும் கேட்டதில்ல," என்று வளையத்தை மரத்தூள்மேல் வைத்தார். "அது மருவாதி தெரிஞ்ச மிஷினு."

"இரு பாய், இன்னும் கீது. மிஷினு சூடேற சூடேற முள்ளு தானா நகரும், அத்த எப்டி..."

அவர் நிற்கவில்லை. முதுகில் பெட்டியை மாட்டி, காதில் கிண்ணங்களை அமுக்கிக்கொண்டு தன் கட்டைக்குப் போய்விட்டார். அதற்குமேல் இக்னேஷியஸ் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் அமுக்கினார்.

சில நாட்கள் இரண்டு மிஷினும் ஓடின. கமாலுதீன் வெள்ளைக் கோடு போட்டார். இக்னேஷியஸ் தனக்கென்று நீலச் சாக்குக்கட்டி வாங்கி வைத்துக்கொண்டான். வெள்ளத்துரை நீலக் கோட்டைப் பார்த்தால் மூக்கைச் சுளித்து, "பாய், நீயும் ஒரு தபா பாத்துடேன்," என்பான். அப்படி அவன் சொல்லும்போதெல்லாம் கமாலுதீனுக்கு உள்ளுக்குள் சர்க்கரைப் பொங்கல்தான். அலட்சியமாக எழுந்துபோய், மெதுவாகத் தட்டை நகர்த்தி, நீலக் கோட்டுக்குப் பக்கத்திலேயே தன் வெள்ளைக் கோட்டைக் கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டு வருவார்.

அப்புறம் அந்தப் பாழாய்ப்போன கட்டை வந்தது. கமாலுதீன் பார்த்து வெள்ளைக் கோடு போட்டு முடித்திருந்த கட்டை. யாரும் சொல்லாமல் இக்னேஷியஸ் அதன்மேல் வளையத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் நீலத்தில் ஒரு வட்டம் போட்டான்.

"அதுல ஒண்ணும் இல்லடா," என்றார் கமாலுதீன்.

"முள்ளு ஓடுது பாய்."

வெள்ளத்துரை இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு உளியும் சுத்தியலும் எடுத்து வட்டத்துக்குள் தோண்டினான். தோண்டத் தோண்டக் கமாலுதீனுக்கு முகம் மலர்ந்தது. ஒரு சாண் ஆழம் போயும் வெறும் மரம்தான். இன்னும் கொஞ்சம் போனதும் உளி 'ணங்' என்றது. சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு குண்டு. அதைச் சுற்றி மரம் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

வெள்ளத்துரை அந்தக் குண்டை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். தன் பாதிக் காதைத் தொட்டுக்கொண்டான். பிறகு இக்னேஷியஸ் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "நீ ஆளு தாண்டா!" என்றான். கமாலுதீனை அவன் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கடுத்த நாளிலிருந்து ரம்பக் கொட்டகையில் ஒரே ஒரு கேள்விதான். "இக்னேசு கோடு போட்டுட்டானா?"

கமாலுதீனுக்குச் சோறு இறங்கவில்லை. வண்ணாரப்பேட்டை வீட்டில் பெண்டாட்டி ஷரீஃபுன்னிசா தட்டில் கறியைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, வூட்டுக்கு சக்களத்தி வந்தா மாதிரி குந்திகினு கீறீங்க?"

"அந்தப் பையன் வெள்ளத்துரைக்கு இன்னா சொக்குப்பொடி போட்டான்னு தெரில. நேத்து டீக்கடைக்கு ரெண்டு பேரும் தோள்மேல கை போட்டுகினு போறானுங்க."

"போனா போவட்டும். உங்களுக்கு இன்னா காணாம போச்சு? நீங்க இன்னா வெள்ளத்துரை பொண்டாட்டியா?"

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காணாமல் போனது எது என்று சொல்லத் தெரிந்திருந்தால் அவர் அவளிடமே சொல்லியிருப்பார். ஒரு மனிதன் தன் உயிரைத் தினமும் இவர் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தான். இப்போது வேறொருவன் கையில் கொடுக்கிறான். இதற்குப் போய் ஓர் ஆண்பிள்ளைக்கு நெஞ்சு எரியுமா? எரிந்தது. பையன் நல்லவன் என்பதால் இன்னும் அதிகமாகவே எரிந்தது.

மாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புளியங்கட்டை வண்டியில் வந்தது அந்தச் சமயத்தில்தான். வாசலில் வண்டிக்காரனிடம் பேச்சுக் கொடுத்தது கமாலுதீன் ஒருவர்தான். அந்த மரத்தடியில் ஒரு டீக்கடை இருந்ததாம். கடைக்காரன் கீற்றுப் பந்தலை மரத்திலேயே ஆணி அடித்துக் கட்டியிருந்தானாம். வண்டிக்காரன் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இக்னேஷியஸ் வளையத்தை வைத்ததும் முள் பேயாய் ஆடியது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, நடுவில் நிற்கவே மாட்டேன் என்றது. எல்லோரும் கூடிவிட்டார்கள். கமாலுதீன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

"ஆடாம இன்னா செய்யும்? ஏரிக்கரைப் புளியமரம். மந்திரவாதி பேய ஓட்டிகினு போய் ஆணி அடிச்சிக் கட்ற மரமாம். ஒரு ஆணிக்கு ஒரு பேயி. வண்டிக்காரன் சொல்லிட்டுத்தான் போனான்."

கோவிந்தம்மா கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். வெள்ளத்துரை இரண்டடி பின்வாங்கினான். அவன் பெண்டாட்டி முத்தம்மா முழுகாமல் இருந்தாள், மாசம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் புருஷன்காரன் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவனுக்கு ஒரு நூறு பயம். அது கமாலுதீனுக்கு நன்றாகத் தெரியும்.

"நம்ப பழைய மிஷினு சும்மா காத வெச்சிக் கேக்கும், அவ்ளோதான்," என்றார். "இது உள்ள கரண்டு வுட்டுக் குத்திப் பாக்குது. கட்டிப்போட்டத குத்துனா அது சும்மா கெடக்குமா?"

"இன்னா பாய் பேசற நீ!" என்று இக்னேஷியஸ் சிரித்தான். சிரித்ததோடு விட்டானா? குறடு எடுத்து ஓர் ஆணியைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினான். மறுநாள் காலையில் ரம்பத்தைச் சுழற்றுகிற தோல் வார் அறுந்துபோயிற்று. வார் அறுவது புதிதில்லை. நைந்த வார், மாற்று மாற்று என்று வெள்ளத்துரையே புலம்பிக்கொண்டிருந்தான். ஆனால் அன்றைக்கு அது ஆணி பிடுங்கியதால்தான் அறுந்தது என்று மில் முழுக்க முடிவாகிவிட்டது. புது மிஷின் தொட்ட கட்டையை ரம்பத்தில் விடமாட்டேன் என்று வெள்ளத்துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

முதலாளிக்குப் பேயைவிட வேலை நிற்பதுதான் பயம். மிஷினை ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினார். இக்னேஷியஸை, துறைமுகத்தில் கட்டை இறக்குகிற இடத்துக்கு மேற்பார்வைக்கு அனுப்பினார். போகும்போது அவன் கமாலுதீனிடம், "ஒடம்ப பாத்துக்க பாய்," என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு அவர்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. அதுவும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"பாய் கோடு போட்டுட்டாரா?" என்ற குரல் கொட்டகையில் மறுபடி கேட்டபோது கமாலுதீனுக்குப் பத்து வயசு குறைந்தது. வீட்டில் கறியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெள்ளத்துரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பெயர் யோசித்தான்.

கொஞ்ச நாள்தான் அந்தச் சுகம். பிறகு வந்தது ஒரு பெரிய தேக்கு. மூன்று ஆள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். கமாலுதீன் தட்டை ஓட்டினார். நடுவில் ஓரிடத்தில் வண்டின் குரல் லேசாகப் பிசிறியது போலிருந்தது. திரும்ப ஓட்டினார், இல்லை. மறுபடி ஓட்டினார், இருக்கிறதா, இல்லையா? இவ்வளவு பருமனுக்குள் எட்டிப் பார்க்கிற சக்தி அந்தத் தட்டுக்கு இல்லை என்பது அந்த நீல வட்டம் போட்ட நாளிலேயே அவருக்குத் தெரியும். தெரியாதது மாதிரிதான் இத்தனை நாளும் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளத்துரை, கட்டையை ரம்பத்துக்குத் தள்ளுகிற டிராலிப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றான். காத்திருப்பவனை நிறுத்தி வைக்க வெட்கப்பட்டு, கமாலுதீன் கோட்டை இழுத்துவிட்டார்.

அப்போது முத்தம்மா தூக்குச் சட்டியோடு சாப்பாடு கொண்டுவந்தாள். வயிற்றைத் தூக்க முடியாமல் நடந்தாள்.

"அண்ணே, நல்லா கீறியா?" என்று கமாலுதீனிடம் நின்றாள். "நடுவுல அந்த மிஷினு வந்தப்போ எனக்குத் தூக்கமே இல்ல. இப்ப நீ கோடு போடறன்னு எங்க வூட்டுக்காரு சொன்னாரு. அப்பால தான் நிம்மதி."

கொட்டகையில் ரம்பம் ஓடத் தொடங்கியது. வெள்ளத்துரை உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு டிராலியில் கை வைத்தான். ரம்பத்துக்கும் அவன் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. இத்தனை வருஷமாகப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த காட்சிதான். இன்றைக்குக் கமாலுதீனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நிறுத்து!" என்று கத்தினார். "இரு, ஒரு தபா பாத்துடறேன்!"

ரம்பம் நின்றது. அவர் ஆபீசுக்கு ஓடிச் சாவி கேட்டுப் புது மிஷினை எடுத்து வந்தார். எல்லோர் முன்னாலும் பெல்ட்டைக் கழற்றி எறிந்து, லுங்கியை முடிச்சுப் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வளையத்தைத் தூக்கி, திருகைத் திருப்பி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தார். கட்டைமேல் இறக்கினார். முள் மெல்ல நகர்ந்தது. ஐயோ, இருக்கிறது! மேலே தூக்கினார். அப்போதும் நகர்ந்தது. மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார். வெறும் காற்றில் பிடித்திருக்கும்போதே அது பாட்டுக்கு ஊர்ந்து போயிற்று. சூடேற சூடேற தானாக நகரும் என்று இக்னேஷியஸ் அன்றைக்குச் சொன்னான். அதை எப்படிச் சமாளிப்பது என்று சொல்ல ஆரம்பித்தபோதுதான் இவர் காதை அமுக்கிக்கொண்டார்.

வெள்ளத்துரை பக்கத்தில் வந்தான். "அத்த ஏன் பாய் தொடற? பேய் புடிச்ச மிஷினு. அதான் நீ கோடு போட்டுட்டியே, போதும் எனக்கு."

"போதாது," என்றார் கமாலுதீன். "இந்தக் கட்டைல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாது. பழைய மிஷினுக்கு எட்டாது. இத்த புடிக்க நான் கத்துக்கல."

"அப்ப ஏன் போட்ட?"

"நீ நின்னுகினு இருந்த. அதான் போட்டன்." எல்லோரையும் பார்த்துவிட்டு, மீதியையும் சொன்னார். "புளியமரத்துல பேயும் இல்ல, மந்திரவாதியும் இல்ல. டீக்கடைப் பந்தலுக்கு அடிச்ச ஆணி. நான்தான் சொன்னன். நீ அவன் கோட்டப் பாத்து கட்டை வுடறது என்னால தாங்க முடில."

முத்தம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். வெள்ளத்துரை கோபப்படுவான், கையை ஓங்குவான் என்று கமாலுதீன் எதிர்பார்த்தார். அவன் ஒன்றும் செய்யவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்தான். கட்டையின் அடிவாயில் இருந்த வெள்ளைக் கோட்டை அழுத்தித் துடைத்தான். சுவடு போகவில்லை என்று துண்டு முனையை எச்சில் தொட்டு மறுபடியும் துடைத்தான்.

"யாராச்சும் போய் இக்னேசக் கூப்டுகினு வாங்க," என்றான்.

துறைமுகத்திலிருந்து இக்னேஷியஸ் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். வருகிற வழியிலேயே கதையைக் கேட்டிருப்பான் போலிருக்கிறது. கமாலுதீன் முகத்தைப் பார்க்காமல் மிஷின் பக்கம் போனான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முள் ஊர்ந்து ஊர்ந்து ஓரிடத்தில் அடங்குகிறவரைக்கும் காத்திருந்தான். இவ்வளவுதானா அது? சும்மா நின்று காத்திருக்க வேண்டும், அவ்வளவுதானா? பிறகு என்ன தோன்றியதோ, வளையத்தைக் கமாலுதீனிடம் நீட்டினான்.

"நீ புடி பாய். நான் சொல்லிக் குடுக்கறேன்."

"வாணாம்," என்றான் வெள்ளத்துரை. "நீயே புடி."

இக்னேஷியஸ் வளையத்தைக் கட்டைமேல் ஓட்டினான். கமாலுதீன் அவன் தோளுக்குப் பின்னால் நின்று முள்ளையே பார்த்தார். நடுப்பாகம் வந்தது. ஆடு, ஆடு என்று முள்ளைக் கெஞ்சினார். அல்லாவே, ஒரு ஆணி இருக்கட்டும், ஒரு சின்னச் சில்லாவது இருக்கட்டும். அப்படி ஒன்று இருந்தால், 'பாய் நிறுத்தலைன்னா நான் செத்திருப்பேன்' என்று நாளைக்கு வெள்ளத்துரை ஊரெல்லாம் சொல்லுவான் இல்லையா? நண்பன் முகத்துக்கு நேரே இரும்பு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோமே என்று முதலில் அவருக்கு உறைக்கவில்லை. உறைத்தபோதும் வேண்டுதலை நிறுத்த முடியவில்லை.

முள் நட்டநடுவில் நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும், கட்டையைப் புரட்டிப் போட்ட பிறகும், மயிரிழை அசையவில்லை. இக்னேஷியஸ் நீலக் கோட்டைப் போட்டான். வெள்ளத்துரை ரம்பத்தை ஓடவிட்டு டிராலியைத் தள்ளினான். கட்டை நீளத்துக்கும் கமாலுதீன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். 'ணங்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் போதும். ரம்பம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. பலகை பிளந்து விழுந்தது. உள்ளே மஞ்சளாக, சுத்தமாக, ஒரு கறைகூட இல்லாத தேக்கு.

ஆட்கள் எல்லோரும் மூச்சு விட்டார்கள். முத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இக்னேஷியஸ் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகக் கமாலுதீன் முகத்தைப் பார்த்து, அவர் மனசு ஆறட்டும் என்று நினைத்துச் சிரித்தான்.

"ஒண்ணுமே இல்ல பாய். நீ போட்ட கோடு கரெக்டு தான்."